தரவையும் மதிலும்

கந்தளாயிலிருந்து திருக்கோணமலை நோக்கி வரும் நெடுவீதியிலே, தம்பலகாமத்து வயல்வெளிகளைக் கடந்து சீனக்குடாவை அணுகுவோர், குடாவின் நீர்ப்பரப்பையும், காட்டிடையே மறைந்தும் தோன்றியும் நிற்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகளையும், விமானப்படைத் தளத்தின் நீண்ட வேலியையும் அடுத்தடுத்துக் காண்பர். அத்தளத்தைச் சார்ந்து, விமானப்படையினரின் பரிபாலனத்தில், 18 குழிகள் கொண்ட கோல்ப் ஆடுகளம் ஒன்று இருக்கின்றது. ‘ஈகிள்ஸ் கோல்ப் லிங்ஸ்’ என்பது அதன் பெயர். படையினர் மாத்திரமன்றிக் கட்டணஞ் செலுத்தும் பிறரும் அங்கு ஆடலாம்.

சின்னாட்களுக்கு முன் வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, ஈகிள் என்றால் கழுகு, கோல்ப் என்றால் விளையாட்டு, லிங்ஸ் என்றால் என்ன?” என்று வினவினான். தமிழாசிரியனை ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்பது முறையோ என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆயினும் தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, “நாளைக்குச் சொல்கிறேன்” என்று தவணை கேட்டுக்கொண்டு வீடு சென்று அகராதியைப் புரட்டினோம். ஸ்கொத்லாந்து நாட்டார், கடற்கரைக்கும் உழுநிலத்துக்கும் இடையிற் கிடக்கும் மணற்பாங்கான புல்வெளியை அச்சொல்லால் வழங்கினராம். அது கலப்பைக்கு உதவாது. ஆடு மாடு மேய்தற்கு உதவும். ஊரவர் உலாவுதற்கும் சிறுவர் விளையாடுதற்கும் உதவும். மறுநாள் மாணவனிடம், “லிங்ஸ் என்றால் தரவை” என்றோம். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை அவன். மேலும் விளக்கங் கேட்கவில்லை.

கீழ்மாகாணத்தாருக்குத் தரவை இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. ஏனையோர் பொருட்டுச் சொல்லுவோம். ஒருவருடைய உறுதியிலும் அடங்காது, ஊரவர் அனைவருடைய மாடுகளும் மேய்வதற்கு விடப்பட்ட வெளியே தரவை. மாரியில் நீர் தேங்கும். கோடையில் நிலம் வெடிக்கும். இடைப்பட்ட மாதங்களில் அங்கு முளைக்கும் புல்லுக்கு விலையில்லை. உலகத்துச் செல்வரின் விளையாட்டு என்று இன்று பேசப்படும் கோல்ப், இத்தகைய விலையற்ற வெளியொன்றிலேதான் பிறந்தது என்பது நமக்கு வியப்பாயிருந்தது. வியப்பு மேலும் தேடத் தூண்டிற்று. தேடிய வழியிற் கண்டவற்றுட் சில நம் மாவட்டத்தாருக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

அந்நாட்டிலே சென் அன்ட்ரூஸ் என்பது ஒரு சிறு கடற்கரைப் பட்டினம். 1552-ஆம் ஆண்டு அவ்வூர்ப் பேராயர், ஊர்த் தரவையிலே தாம் முயல் வளர்ப்பதற்கு உரிமை பெற்றபோது, அவ்வூர் மக்கள் அங்கே கோல்ப் ஆடுதற்கும் கால்நடை மேய்த்தற்கும் உள்ள உரிமைக்கு ஊறு நேராது என்று சாசனம் எழுதிக் கொடுத்தார். சாசனங்கள் எழுதப்படுவதும் பின்னர் மறக்கப்படுவதும் எந்நாட்டிலும் உள்ளனவே. 1797-இல் நகரசபை கடனில் மூழ்கியது. தரவை கைமாறியது. வாங்கியவர் அதனை முயற்பண்ணை ஆக்கினர். முயல்கள் வளை தோண்டிப் புற்றரையைப் பாழாக்க, ஊரவர் முயல்களைக் கொல்ல, வழக்குமன்றம் வரை சென்ற அப்பிணக்குப் பல ஆண்டுகள் நீண்டது. 1821-இல் அயலூர் நிலக்கிழார் ஒருவர் அந்நிலத்தை வாங்கி விளையாட்டைக் காத்தார். 1894-இல் நகரசபையே பாராளுமன்றச் சட்டத்தின் துணைகொண்டு அதனை மீளப் பெற்றது. இன்று, 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த பொறுப்பாளர் சபையொன்று அதனைப் பரிபாலிக்கின்றது. உலகிற் புகழ்பூத்த அப்பழைய ஆடுகளத்திற் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு இல்லை; ஊரவர் குழந்தை குட்டிகளுடனும் நாய்களுடனும் அதன்மீது உலாவி வருவர். அரசரே வந்தாலும் ஞாயிறன்று ஊரவருக்கே முதலிடம் என்று சொல்லத் தோன்றுகின்றது.

நிற்க. இவ்விளையாட்டுக் கடல் கடந்தபோது தரவையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் அதற்குக் கழகம் அமைத்தனர். கல்கத்தாவில் 1829-இலேயே அஃது அமைந்துவிட்டது. இலங்கையில் 1879-ஆம் ஆண்டளவிற் கொழும்புக் கழகம் தோன்றியபோது, முதலில் ஆடப்பட்ட இடம் காலிமுகத் திடலேயாம். அத்திடலின் கடலோர நடைபாதையைக் கொழும்பு மாதரும் சிறுவரும் காற்று வாங்கும்பொருட்டு 1859-இல் முடித்துவைத்த தேசாதிபதி உவாட் என்பார், அதனைப் பேணுமாறு தம் பின்வருவோரைக் கேட்டுக்கொண்டு கல்லிற் பொறித்து வைத்தார். நடப்பவர் தலையிற் பந்து விழும் இடத்தில் நெடுங்காலம் ஆட முடியுமா? 1896-இற் கழகத்தார் பொறளைப் பக்கம் சென்று, அக்காலத்துத் தேசாதிபதி இரிட்சுவே பெயரால் தனிக்களம் அமைத்துக்கொண்டனர். 1928-இல் அரச பட்டமும் கிடைத்தது. அக்களத்தின் எல்லைகளைப் பொருட்படுத்தாது இன்றும் ஊடறுத்துச் செல்வது களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டி ஒன்றே.

கழகம் என்பது வேறு, குடியிருப்பு என்பது வேறு. கழகத்துக்கு வருவோர் மாலையில் வீடு திரும்புவர். ஆடுகளத்தைச் சூழ வீடு கட்டி, வீடுகளைச் சூழ மதில் கட்டி, மதிலிலே ஒரு வாயில் வைத்து, வாயிலிலே காவலனை நிறுத்தி, உள்ளிருக்கும் மனைகளைப் பகுத்து விற்கும் முறை பின்னாளில் அமெரிக்காவில் வளர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வாயிலைக் கொண்டே பெயரிட்டுள்ளனர். தமிழில் மதிலகம் என்ற பழஞ்சொல் இருக்கின்றது. கோட்டையையும் கோவிலையும் குறித்த அச்சொல்லை இதற்கு வழங்கினால் முன்னோர் சினங்கொள்வரோ என்னும் ஐயம் இருப்பினும், வேறு சொல் கிடைக்கும்வரை அதனையே வழங்குவோம்.

அம்முறைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, தென் கரோலைனா மாநிலத்துக் கடலோரத்தே உள்ள இல்டன் எட் என்னுந் தீவிலே எழுந்தது. 1956-இல் அத்தீவுக்குப் பாலம் அமைந்தது. அதே காலத்திற் சாள்ஸ் பிரேசர் என்பார் அங்கே ‘சீ பைன்ஸ்’ எனும் குடியிருப்பைத் தொடங்கினார். மரங்களை வெட்டாது வீடு கட்டுக, கண்ணை உறுத்தும் வண்ணம் பூசாதொழிக என்றெல்லாம் ஒவ்வொரு மனையின் உறுதியிலும் நிபந்தனை எழுதிச் சேர்த்தார். அழகுணர்ச்சியில் அவரைக் குறை கூறுவார் இலர். ஆயின் அத்தீவு வெறுந்தீவன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களாகிய கல்லா மக்கள், அடிமைத்தளை நீங்கிய நாள்முதல் அங்கே சொந்த நிலத்திற் பயிரிட்டும் மீன்பிடித்தும் வாழ்ந்து வந்தனர். மதிலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன, நிலவிலை ஏறிற்று, விலையோடு வரியும் ஏறிற்று, அம்மக்களிற் பலர் நிலம் இழந்தனர். அவர்தம் முன்னோர் அடக்கஞ் செய்யப்பட்ட சேமக்காலைகள் சில மதிலுக்குள் அகப்பட்டன. பாட்டன் கல்லறைக்குப் பூ வைக்கச் செல்லும் பேரன், வாயிற்காவலனிடம் வந்த காரியத்தைச் சொல்லி உத்தரவு பெற்றே உள்ளே செல்லவேண்டியதாயிற்று.

இத்தகைய மதிலகத்தின் பரிபாலனம் எங்ஙனம் நடைபெறும் என்பதை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. மனை வாங்குபவர் நிலத்தை மாத்திரம் வாங்குவதில்லை. ஒரு சங்கத்தின் அங்கத்துவத்தையும் கூடவே வாங்குகின்றார். விரும்பினாலும் விரும்பாவிடினும் அதிலிருந்து விலக முடியாது. வேலியின் உயரம், சுவரின் நிறம், துணி உலர்த்தும் இடம், விருந்தினர் வந்து போகும் முறை ஆகிய அனைத்துக்கும் விதியுண்டு. வீதியும் விளக்கும் காவலும் சங்கத்தின் பொறுப்பு. அதற்கு ஆண்டுதோறும் பணங் கட்டவேண்டும். கட்டாவிடின் அக்கடன் வீட்டின்மேல் ஈடுபோல ஏறும். வாக்குரிமை பெரும்பாலும் ஆளுக்கன்று, மனைக்கே. மனைகளிற் பெரும்பங்கு விற்றுத் தீரும்வரை கட்டி விற்கும் கம்பனியே சங்கத்தையும் நடத்தும். ஆகவே வீதி எங்கே போகவேண்டும், வாயில் எங்கே அமையவேண்டும் என்பன போன்ற பெரிய தீர்மானங்கள் யாவும், குடிவருவோர் வருவதற்கு முன்னரே செய்யப்பட்டு முடிந்துவிடும். பின்னர் வருவோர் மதிலுக்கு நிறம் தெரிவு செய்யலாம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீடுகள் சங்கத்தைச் சேர்ந்தவை. ஆடுகளமோ பெரும்பாலும் வேறொரு கம்பனியின் உடைமை. களத்தை நோக்கி நிற்கும் வீட்டுக்கு விலை அதிகம் என்பதற்காக வாங்கியவர்களுட் பலர் விளையாட்டுக் கோலைக் கையால் தொட்டதும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பசுமையான காட்சி. களத்தை நடத்துபவனுக்கோ ஆட்டக்காரர் தரும் காசு வேண்டும். அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டின்பின் ஆண்டுதோறும் புதிதாகத் திறக்கப்பட்ட களங்களினும் மூடப்பட்டவையே அதிகமாயின. களம் மூடப்பட்ட இடங்களில் புல் முழங்கால்வரை வளர்ந்தது. அந்நிலத்தில் மேலும் வீடு கட்டலாமா என்று வழக்குகள் எழுந்தன. காட்சியை நம்பிக் கடன்பட்டவர் கதி என்ன? சங்கமே களத்தை வாங்கித் தலையிற் சுமக்க வேண்டிய நிலையும் சில ஊர்களில் வந்தது. தேரை விற்றவனுக்குத் தேர் இழுக்கும் கவலை இல்லையன்றோ!

கனடா நாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. குவிபெக் மாகாணத்திலே ஓகா என்னும் ஊரில் ஒன்பது குழி ஆடுகளம் ஒன்று இருந்தது. அதனைப் பதினெட்டாகப் பெருக்கவும், அயலில் வீடுகள் கட்டவும் ஊர்ச்சபை முனைந்தது. குறித்த பைன்மரச் சோலை மொஹோக் என்னும் பழங்குடியினர் தமதென்று நெடுங்காலமாக உரிமை கோரிவந்த நிலம். அவர்தம் மூதாதையரின் இடுகாடும் அங்கேயே. 1990-ஆம் ஆண்டு அவர்கள் வழியை மறித்தனர். யூலை மாதத்திற் பொலிசார் புகுந்தபோது துப்பாக்கிச் சூட்டில் ஒரு பொலிசு உத்தியோகத்தர் உயிரிழந்தார். பின்னர் இராணுவமும் வந்தது. 78 நாட்கள் அம்முற்றுகை நீடித்தது. இறுதியில் ஆடுகளப் பெருக்கம் கைவிடப்பட்டது. ஒன்பது குழியோடு நின்றிருந்தால் ஓகா என்ற பெயரை உலகம் அறிந்திராது.

நம் நாட்டில் வீடும் களமும் ஒருங்கமைந்த இடம் எனச் சுட்டத்தக்கது, கண்டிக்குக் கிழக்கே திகனைப் பகுதியில், இராஜவெல்லையில், விக்றோறியா நீர்த்தேக்கத்தை நோக்கி 1999-இல் திறக்கப்பட்ட ஆடுகளமும் அதனைச் சார்ந்த மாளிகைகளுமாம். காட்சிக்கு இனியது என்பதில் ஐயமில்லை. அந்நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால் அதன் இடிபாடுகள் வெளிப்படும். நாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அதன்பொருட்டு ஊர் மூழ்கிற்று. அதனைக் குறைகூற முடியாது. மூழ்கிய ஊரவருக்குக் கிடைத்த காட்சி வேறு, மேட்டிலே மனை வாங்கியவருக்குக் கிடைத்த காட்சி வேறு என்று மாத்திரம் சொல்லி அமைவோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருக்கோணமலையிலே வாயிலும் காவலும் புதியன அல்ல. போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அக்கல்லைக் கொண்டே கோட்டை கட்டிய நாள்முதல், கோட்டை வாயில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறிவந்ததே இவ்வூரின் வரலாறு. 1639-இல் ஒல்லாந்தர், 1782-இல் ஆங்கிலேயர், அதே ஆண்டிற் பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஒல்லாந்தர், 1795-இல் திரும்பவும் ஆங்கிலேயர். துறைமுகத்தின் பொருட்டு வந்தவர் யாவரும் வேலியிட்டனர். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942-ஆம் ஆண்டு ஏப்பிரில் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது அவற்றுள் ஒன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. 1957-இல் ஆங்கிலேயர் கடற்றளத்தையும் விமானத்தளத்தையும் இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். கொடி மாறிற்று, வேலி மாறவில்லை. படைத்தளத்துக்குக் காவல் இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் அடியார் இன்றும் கோட்டை வாயிலைக் கடந்து, படையினரின் பாசறை ஊடாகவே மலையேறுகின்றனர். 1963-இற் குடமுழுக்குக் கண்ட அக்கோவிலுக்கு வழி தடைப்பட்ட நாட்களும் தளர்ந்த நாட்களும் எமது தலைமுறையே கண்டவை. வாயில் என்பது திறந்திருக்கும்போதும் வாயிலே. அதனைத் திறப்பவன் நினைத்தால் மூடுவான் என்பதை இவ்வூர்ப் பிள்ளைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சம்பூரை நினைக்க. 2006-இல் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007-இல் அவர் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் அதில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015-இல் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டு, 2016-இற் கடற்படை முகாமிருந்த 237 ஏக்கரும் விடப்பட்ட பின்னரே பலர் தம் வளவுகளை மிதித்தனர். வளவு இருந்தது, வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. அண்மையில், 2025-இல், முத்துநகர் உழவர் தாம் விதைத்து வந்த வயல்கள் சூரியமின் திட்டத்துக்குப் போகின்றனவே என்று மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்கில் அமர்ந்திருந்தனர். நிலம் துறைமுக அதிகாரசபையினுடையது என்பது அரசின் கட்சி. வயல் தம்முடையது என்பது உழுதவர் கட்சி. இவ்விரு கட்சிக்கும் இடையே தரவை என்னும் மூன்றாவது பொருளுக்குப் பேசுவார் எவருமிலர். தரவைக்கு உறுதியும் இல்லை, விதைத்தவனும் இல்லை. ஆகவே அதுவே முதலிற் போகும்.

இராஜவெல்லையிற் போல வீடும் களமும் சேர்த்து விற்கும் மதிலகம் நம் மாவட்டத்துக்கு இன்னும் வரவில்லை. வராது என்று சொல்வதற்கில்லை. அழகிய குடா, வெண்மணற் கரை, விமானம் இறங்கும் தளம், முன்னரே அமைந்த ஆடுகளம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் இருப்பின் வணிகர் கண் அங்கே செல்வது இயல்பே. அந்நியர் இந்நாட்டில் நிலத்தை முற்றாக வாங்குதலை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தாலும், 99 ஆண்டுவரை குத்தகைக்கு எடுத்தல் கூடும். வேலை கிடைக்கும் என்பர். ஓரளவு உண்மையே, புல் வெட்டவும் பந்துப்பை தூக்கவும் ஆள் வேண்டும். அவ்வேலையை இழிவென்று சொல்லுபவர் நாமல்லோம். கோல்ப் ஆட்டத்தின்மீதும் எமக்குப் பகையில்லை. மரங்களைப் பேணி, மான் மேய இடம்விட்டு, நடந்தாடும் ஆட்டம் அது, பெருங்கூச்சலும் இல்லை. எம் வினா மதிலைப் பற்றியது.

இவ்விடத்தில் ஒன்றை ஒளியாது சொல்லவேண்டும். வேலி போடும் கலையை நாம் அமெரிக்கரிடம் கற்கவில்லை. ஆங்கிலேயர் தளங்களை விட்டகன்ற அதே 1957-ஆம் ஆண்டிலேதான், சாதி காரணமாகக் கடையிலும் கிணற்றிலும் கோவிலிலும் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இந்நாட்டிற் பிறந்தது. சட்டம் பிறந்து பதினோராண்டு கழிந்தும், 1968-இல் மாவிட்டபுரத்துக் கோவில் வாயிலிலே நின்று உள்ளே விடுமாறு கேட்டவர்கள் நம்மவர். விடமாட்டோம் என்றவர்களும் நம்மவரே. அக்காலத்து வாயிற்காவலனுக்குப் பிறப்பு ஒன்றே அடையாளச் சீட்டு. இன்றைய மதிலகத்து வாயிலிற் பணமே அடையாளச் சீட்டு. பணம் பிறப்பைப் போல நிலையானதன்று என்பது ஓர் ஆறுதல். ஆயினும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனும் மூவரும் அருகருகே வாழக் கற்றும், கற்றதை மறந்தும், மீளக் கற்றும் வரும் இம்மாவட்டத்தில், இன்னார் மாத்திரம் உள்ளே என்று எழுதாமலே அவ்வாறு அமைந்துவிடும் குடியிருப்பு எத்தகைய அயலை உண்டாக்கும்? விலையை மாத்திரம் பார்த்து விற்பவன் அதனைச் சிந்திக்க மாட்டான். அவன் அல்லாத ஒருவர் சிந்திக்க வேண்டும்.

குடியிருப்பின் பரிபாலனம் பற்றிப் பேச நம்மிடமும் பழைய நூல் ஒன்று உண்டு. கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டைப் பலர் தலபுராணம் போலக் கருதி ஒதுக்குகின்றனர். படித்துப் பார்ப்பின் அஃது ஒரு குடியேற்றத்தின் பரிபாலன நூல் என்பது புலனாகும். குளக்கோட்டன் கோவிலைக் கட்டிக் குளத்தையும் அமைத்தான் என்ற மரபைச் சொல்லி, குடியேறிய தானத்தார் செய்யும் பணி இது, வரிப்பத்தார் செய்யும் பணி இது, இன்ன நிலத்து விளைவு இன்ன பூசைக்கு உரியது என்று வகுத்துச் செல்கின்றது. கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டளவில் அனுராதபுர வேந்தன் இரண்டாம் அக்கிரபோதி கட்டுவித்தான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்வழக்கை ஈண்டு எடுக்க வேண்டா. அந்நூலின் ஒழுங்கு முழுவதையும் இன்று போற்றவும் முடியாது. பிறப்பால் வந்த ஏற்றத்தாழ்வு அதில் ஊறிக் கிடக்கின்றது. ஆயினும் நிலம் பெற்றவன் ஒவ்வொருவனும் நிலத்தோடு ஒரு கடமையையும் பெற்றான். அக்கடமை தன் வேலிக்கு உள்ளே முடிவதன்று. ஊருக்கும் கோவிலுக்கும் குளத்துக்கும் செய்யவேண்டியது. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோவிலிலே அம்மரபின் எச்சங்களை இன்றுங் காணலாம். சீ பைன்ஸ் உறுதியில் எழுதப்பட்ட நிபந்தனைகளோ அயல்வீட்டுக்காரன் கண்ணுக்குச் செய்யவேண்டிய கடமைகள். மதிலுக்கு அப்பால் இருப்பவனைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

ஆகவே மதிலகம் ஒன்று இம்மாவட்டத்தில் எழுமாயின், அதன் உறுதியிலும் குத்தகைப் பத்திரத்திலும் என்ன எழுதப்படவேண்டும் என்பதை எழுந்த பின்னர் அன்று, இப்பொழுதே பேசவேண்டும். முதலாவது வழி. கரைவலை இழுப்போர் கடலுக்குச் செல்லும் பாதை, கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சேமக்காலைக்கும் செல்லும் பாதை, மாடு தண்ணீருக்குப் போகும் பாதை ஆகியன நில அளவைப் படத்திலே பொதுவழி என்று வரையப்படவேண்டும். காவலனின் நல்லெண்ணம் வழியாகாது. கடலோர வலயத்தைக் காக்க 1981-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கின்றது. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் அதன் ஆட்சிக்கு உட்பட்டது. சட்டம் இருந்தும் கரைக்குப் போகும் ஒழுங்கையை விடுதிச் சுவர் விழுங்கிய கதைகளை இந்நாட்டுக் கடற்கரை முழுவதிலும் கேட்கின்றோம்.

அடுத்தது தண்ணீர். பதினெட்டுக் குழிக் களத்துக்கு 100 ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும். வடகீழ்ப் பருவமழை நின்றபின், வைகாசி முதல் புரட்டாதி வரை நம் மண் காயும் மாதங்களில், அத்தனை ஏக்கரும் பச்சையாக நிற்கவேண்டுமாயின் நீர் எங்கிருந்து வரும்? நகர் குடிக்கும் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது. அக்குளத்தை நம்பியே கீழ்ப்புலத்து வயல்களும் இருக்கின்றன. 1986-ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அக்குளக்கட்டு உடைந்து அழிவு விளைத்ததைக் கண்டவர் இன்னும் உளர். குளத்து நீரைப் பங்கிடக் கூடும் கூட்டத்திற் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பதென்று உழவர் வாதாடுகின்றனர். அக்கூட்டத்திற் புற்றரைக்கு எவரும் ஆசனம் கேட்டதில்லை. கேட்காமலே குழாயாற் பெற்றுவிடவும் கூடாது. கழிவுநீரைத் தூய்மைசெய்து புல்லுக்குப் பாய்ச்சும் முறை பிறநாடுகளில் உண்டு. அதனைக் கட்டாயமாக்குதல் இயலாததொன்றன்று.

மூன்றாவது வாக்கு. களத்தையும் வீதியையும் நடத்தும் சபையிலே, மனை வாங்கியவரும் கம்பனியாரும் மாத்திரமன்றி, சுற்றியுள்ள கிராமங்களின் பிரதிநிதிகளும் அமரவேண்டும். பிறந்த ஊரிலேயே இவ்விளையாட்டை ஊர் சார்ந்த பொறுப்பாளர் சபை நடத்துகின்றதென்று மேலே கண்டோம். இங்கு நடத்தலாகாதென்பதற்கு நியாயம் யாது? வாரத்தில் ஒருநாள் பந்தாட்டத்தை நிறுத்திக் களத்தைச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுதலும் அங்கிருந்து கற்கத்தக்கதே. கோட்டைக்கு முன்னுள்ள முற்றவெளியிலே மான்கள் புல் மேய, பிள்ளைகள் பந்தடிக்க, முதியோர் காற்று வாங்க, மூவினத்தாரும் ஒரே மாலையைக் கழிப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அங்கே எவரும் எவரிடமும் சீட்டுக் கேட்பதில்லை.

இறுதியாக ஒரு சிறு காரியம், செலவும் அதிகமில்லாதது. அரச காணி எதுவும் நெடுங்குத்தகைக்குப் போகுமுன்னர், அதன் நில அளவைப் படமும் நிபந்தனைகளும் பிரதேச செயலகத்திலும், அயற்கிராமத்துப் பாடசாலையிலும், கோவிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒட்டப்படுதல் வேண்டும். ஆங்கிலத்தில் மாத்திரம் எழுதி உள்ளே வைத்திருத்தல் ஆகாது. படத்தைப் பார்த்து, “இந்தப் பாதை எங்கே போயிற்று?” என்று கேட்கத் தெரிந்தவர் அக்கிராமங்களில் இருக்கின்றனர். அவர்கள் கேட்கட்டும், கையொப்பம் அதன்பின் இடப்படட்டும்.